மனத்தடை தாண்டி நடப்போம்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம்" என்பது எம் முன்னோர் வாக்கு. குடும்பம் என்னும் சித்திரத்தை நாள்தோறும் வரையும் தாய்மாராகிய நாம், எமது உடல் என்னும் சுவரை எந்த அளவிற்குப் பேணுகின்றோம்? பிள்ளைகளின் ஆக்கங்கள் நிறைந்த இவ்விழா மலரிலே, அவர்தம் அன்னையர் பற்றியும் சில வார்த்தைகள் கூற விழைகின்றோம்.

உடற்பயிற்சியின் நன்மைகளை எமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தெற்காசிய மரபினரை நீரிழிவு நோய் ஐரோப்பியரைவிட இளவயதிலும், குறைந்த உடல் எடையிலும் பற்றிக்கொள்கின்றது என்பதை இங்கிலாந்தின் மருத்துவர்கள் நெடுங்காலமாக எடுத்துரைத்து வருகின்றனர். வளர்ந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல். இவற்றை அறிந்திருந்தும் நாம் நடவாதிருப்பதற்கான காரணம் எமது மனத்திலேயே உள்ளது.

முதலாவது தடை குற்றவுணர்வு. குடும்பத் தலைவர் மாலையில் பூப்பந்து ஆடச் சென்றால் வீடு அதனை இயல்பாக ஏற்கின்றது. அதே ஒரு மணி நேரத்தை நாம் எடுத்துக்கொண்டால், சமையலையும் பிள்ளைகளையும் கைவிட்டதாக எமது உள்ளமே எம்மைக் குற்றஞ்சாட்டுகின்றது. தாய் நோயில் வீழ்ந்தால் வீடே நிலைகுலையும் என்பதை அவ்வேளையில் மறந்துவிடுகின்றோம்.

இரண்டாவது, "வீட்டுவேலையே போதும்" என்னும் சமாதானம். உடலின் ஒவ்வோர் அசைவும் நன்மையே. ஆயினும் அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பது கால்களைக் களைப்படையச் செய்யுமேயன்றி இதயத்திற்குப் பயிற்சியாகாது. மூச்சுச் சற்று விரைவாக வாங்க வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்ற நிலையே மிதமான உழைப்பிற்கு எளிய அளவுகோல்.

மூன்றாவதும் வலியதுமான தடை, "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பது. இந்த வயதில் சப்பாத்தும் காற்சட்டையும் எதற்கு என்று எவரேனும் நகைப்பாரோ எனக் கூசுகின்றோம். இவ்வச்சம் எமக்கு மட்டும் உரியதன்று. பிறர் தம்மை எவ்வாறு மதிப்பிடுவரோ என்ற பயமே இந்நாட்டுப் பெண்கள் பலரைத் தடுக்கின்றது எனக் கண்டு, அதனைப் போக்கவே ஸ்போர்ட் இங்கிலண்ட் அமைப்பு 2015 இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது.

ஆனால் எம்மிற் பலர் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வெள்ளைச் சீருடையுடன், பாடசாலைக்கும் ரியூசனுக்கும் எதிர்காற்றிலே துவிச்சக்கரவண்டி மிதித்தவர்கள் நாமல்லவா? அன்று அதனை எவரும் நாணக்கேடாகக் கருதவில்லை. எனவே இன்றைய கூச்சத்தை எமது பண்பாட்டின்மீது சுமத்துவது முறையன்று. காரிலும் கதிரையிலும் பழகிய பின்னரே அது எம்மிடம் வந்து சேர்ந்தது.

இதற்கு நாம் கூறும் வழி எளிது. சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் தமிழ் கற்கும் வேளையில், தாய்மார் மண்டபத்திலும் கார்களிலும் காத்திருக்கின்றோம். அந்நேரத்தில் அரை மணியை ஒதுக்கி, அயலிலுள்ள பூங்காவைச் சுற்றிக் கூட்டாக நடப்போம். தனியே நடக்கக் கூசுபவரும் பத்துப் பேருடன் கூசமாட்டார். பிள்ளைகள் வகுப்பில் இருப்பதால் குற்றவுணர்வுக்கும் இடமில்லை; கட்டணமும் இல்லை. வாரத் தேவையில் ஐந்திலொரு பங்கு அங்கேயே நிறைவேறும். அங்கு பிறக்கும் துணிவும் தோழமையும் மற்றைய நாட்களிலும் எம்மை வெளியே அழைத்துச் செல்லும். நோயுள்ளோர் மருத்துவரின் ஆலோசனையுடன் தொடங்குவது நன்று. ஒரு வாரம் தவறினாலும் மறுவாரம் தயங்காது வந்து சேர்ந்துகொள்ளலாம்.

தந்தையர்க்கும் ஒரு வேண்டுகோள். அந்த அரை மணி நேரம் கைக்குழந்தைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எமது பெண்பிள்ளைகள் வகுப்பறைச் சாளரத்தினூடாக எம்மைக் காண்பார்கள். தன் உடலைப் பேணுவதற்கு ஒரு பெண் எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் எம்மிடமிருந்தே கற்கட்டும். விழா முடிந்து வகுப்புகள் மீண்டும் ஆரம்பமாகும் முதற் சனிக்கிழமை, பாடசாலை வாயிலிற் சந்திப்போம்.