முதலில் பர்காடி வழக்கை முடியுங்கள்

பஞ்சாபின் ஃபரீத்கோட் மாவட்டத்தில், புர்ஜ் ஜவாஹர் சிங் வாலா கிராமத்து குருத்வாராவிலிருந்து 2015 ஜூன் 1 அன்று சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பின் பிரதி ஒன்று திருடுபோனது. காவல் துறை அப்போதே முனைந்து தேடியிருக்க வேண்டும். செப்டம்பரில் சீக்கியர்களை இழிவுபடுத்தும் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அக்டோபர் 12 அன்று பக்கத்து ஊரான பர்காடியில் கிழித்தெறியப்பட்ட பக்கங்கள் கிடந்தன. இரண்டு நாள் கழித்து, நீதி கேட்டு பெஹ்பல் கலானில் திரண்டவர்கள்மீது காவலர்கள் சுட்டதில் இருவர் இறந்தார்கள்.

‘வெறும் காகிதம்தானே’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சீக்கியர்களுக்கு அந்த நூல் உயிருள்ள குரு. பொற்கோயிலில் விடியலில் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, இரவில் துயில்கொள்ள வைக்கிறார்கள். உச்ச நீதிமன்றமே 2000இல் அதைச் சட்டப்படியான ஒரு நபராக ஏற்றது. அதைக் கிழித்தவர், ஒரு சமூகத்தின் நெஞ்சில் கைவைத்தவர்.

ஆனால், அந்த வலிக்கு அரசியல் தந்த மருந்து என்ன? 2016இல் அகாலி தளம் – பாஜக அரசும், 2018இல் காங்கிரஸ் அரசும் அவமதிப்புக்கு ஆயுள் தண்டனை வழங்கும் மசோதாக்களை நிறைவேற்றின, இரண்டும் சட்டமாகவில்லை. 2025 ஜூலையில் ஆம் ஆத்மி அரசு இன்னொன்றைக் கொண்டுவந்தது. தண்டனையைக் கூட்டுவதில் எல்லாக் கட்சிகளும் ஒன்றுபடுகின்றன.

இந்தப் பாதை எங்கே போகும் என்பதை எல்லைக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். ஆங்கிலேயர் இரு நாடுகளுக்கும் விட்டுச்சென்ற தண்டனைச் சட்டத்தின் 295ஆம் பிரிவோடு, குர்ஆனை அவமதித்தால் ஆயுள் தண்டனை என்று 1982இல் பாகிஸ்தான் சேர்த்தது. 1986இல் நபிகளை அவமதித்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றது. 2023 ஆகஸ்ட் 16 அன்று ஜரன்வாலாவில் இரு கிறிஸ்தவ சகோதரர்கள்மீது குர்ஆனை அவமதித்ததாகப் பழி விழுந்தது. தேவாலயங்கள் கொளுத்தப்பட்டன, அவற்றுக்குள் பைபிள்களும் எரிந்தன. பொய்யாகச் சிக்கவைக்கப்பட்ட அந்தச் சகோதரர்களைப் பிறகு நீதிமன்றம் விடுவித்தது. ஒரு வேதத்தின் மானம் காக்கப் புறப்பட்டவர்கள் இன்னொரு வேதத்தை எரித்தார்கள். கடுமையான சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை. பழி சொல்பவர் கையில்தான் அது ஆயுதமானது.

பஞ்சாபிலும் கூட்டமே தீர்ப்பு எழுதத் தொடங்கிவிட்டது. 2021 டிசம்பரில் அவமதிப்பு செய்ததாகச் சொல்லிப் பொற்கோயிலில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். மறுநாள் கபுர்தலாவில் இன்னொருவர். அங்கே அவமதிப்பு நடந்ததற்கான தடயமே இல்லை என்றது காவல் துறை. அதற்கு முன், அக்டோபரில் டெல்லி எல்லையான சிங்குவில், சீக்கியப் போர்வீரப் பிரிவினரான நிஹாங்குகள் போற்றும் சர்பலோஹ் கிரந்தத்தை அவமதித்ததாகச் சொல்லி, தலித் கூலித் தொழிலாளி ஒருவரின் கையை வெட்டிக் கொன்று, தடுப்பில் கட்டிவைத்தார்கள். குரு கிரந்த சாகிப்பிலோ செருப்புத் தைத்த ரவிதாஸின் பாடல்கள் இருக்கின்றன. நெசவாளி கபீரும் சூஃபி ஞானி ஃபரீதும் அதே பக்கங்களில் வாழ்கிறார்கள். அந்த நூலின் முன் நெற்றி தரையில் படப் பணிகிறவர், ரவிதாஸையும் சேர்த்துத்தான் பணிகிறார். அவரைப் போலவே ஒடுக்கப்பட்ட ஒருவரை விசாரணையின்றிக் கொன்றதை எந்த நூலின் பெயரால் நியாயப்படுத்த முடியும்?

பர்காடி வழக்கை 2015 இறுதியில் சிபிஐ எடுத்தது. 2019இல் முடித்துவைக்கும் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் நாபா சிறையில் கொல்லப்பட்டார். வழக்கு சிறப்புப் புலனாய்வுக் குழுவிடம் திரும்பியது. 2023இல் விசாரணையை உச்ச நீதிமன்றம் சண்டிகருக்கு மாற்றியது. புதிய மசோதா எழுதும் அமைச்சர்கள், ஒவ்வொரு சட்டமன்றக் கூட்டத்திலும் இந்த வழக்கின் நிலை குறித்து அறிக்கை வைக்கட்டும். துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவிட்டவர் யார் என்று சொல்லட்டும். கபுர்தலாவிலும் பொற்கோயிலிலும் அடித்துக் கொன்றவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தட்டும். இதற்கெல்லாம் இருக்கும் சட்டமே போதும்.