உடல்நலப் பகுதி: கோப்பையில் எவ்வளவு சோறு?

யாழ்ப்பாணத்தில் முன்னர் சலரோகம் என்று சொல்லப்பட்ட நீரிழிவு நோய், டென்மார்க் வாழ் தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஒரு புதினமாகக் கருதப்படுவதில்லை. “உங்களுக்குமோ? எனக்கு அஞ்சு வருஷமாய் இருக்குது” என்று ஆலய வாசலில் இருவர் சிரித்தபடி பேசிக்கொள்ளும் அளவுக்கு அது பழகிவிட்டது. கவனியாது விட்டால் கண்பார்வையையும் சிறுநீரகத்தையும் பாதங்களின் உணர்ச்சியையும் அது கெடுத்துவிடும் என்பதை அப்படிச் சிரித்துப் பேசுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஜட்லண்ட் பகுதியின் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்த தமிழர்களிற் பலர் அப்போது இருபது, முப்பது வயதினர். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள். ஊரில் இருந்த காலத்தில் கிணற்றில் தண்ணீர் அள்ளியும், தோட்டம் கொத்தியும், சைக்கிள் மிதித்தும் உழைத்த உடம்பு அது. அந்த உழைப்புக்கு ஏற்ற சோறு அன்று தேவையாக இருந்தது. அதுவும் தவிடு முற்றாக நீங்காத சிவப்பரிசிச் சோறு. இடையிடையே குரக்கன் பிட்டும் ஒடியற் கூழும் இருந்தன. வைலேக்கு வந்த பின் வேலை மாறியது, அரிசியும் வெள்ளையரிசியாக மாறியது. மாறாமல் நின்றது கோப்பையில் போடும் சோற்றின் அளவுதான். வைலே டென்மார்க்கில் மேடுபள்ளங்களுக்குப் பெயர் போன ஊர். 2022 ஜூலை 3ஆம் திகதி ‘தூர் த பிரான்ஸ்’ சைக்கிளோட்டத்தின் மூன்றாம் கட்டம் இங்கிருந்துதான் தொடங்கியது. ஆனால் இந்த மேடுகளில் நம்மவர் பெரும்பாலும் காரிலேயே ஏறுகிறார்கள்!

“நான் மெலிந்த ஆள், எனக்கு ஒன்றும் வராது” என்பார் சிலர். இந்த நம்பிக்கை ஆபத்தானது. அயல்நாடான நோர்வேயின் ஒஸ்லோ நகரில் 2000ஆம் ஆண்டுக்குப் பின் வெவ்வேறு நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் உடல்நிலையை ஆராய்ந்தபோது ஓர் உண்மை தெரியவந்தது. ஒரே உடற்பருமன் அளவுடையவர்களை ஒப்பிட்டால், இடுப்பைவிட வயிறு கூடுதலாகப் பருத்திருந்தவர்கள் இலங்கையரே. கை கால் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றினுள்ளே சேருகின்றது. அதனால்தான் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005இல் தெற்காசிய ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவின் எல்லையை 90 சென்ரிமீற்றராக வைத்தது. ஐரோப்பிய ஆண்களுக்கு அது 94. பெண்களுக்கு இரு சாராருக்கும் 80. ஆகவே நிறை பார்க்கும் தராசைவிடத் தையற்காரரின் அளவுநாடா நம்மவருக்குக் கூடுதலான உண்மையைச் சொல்லும்.

குடும்ப வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனைக்குச் செல்பவர்கள், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனி அளவைக் காட்டும் எண்ணைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். டென்மார்க்கில் அது 48 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்று கொள்ளப்படுகிறது. 42 தொடக்கம் 47 வரை இருப்பவர்கள் “இன்னும் வரவில்லை” என்று மகிழ்ந்திருக்கலாகாது. கோப்பையைத் திருத்துவதற்கு நல்ல தருணம் அதுவே.

கோப்பையைத் திருத்துவது எப்படி? தமிழர் வீட்டுக் கோப்பையில் நடுவே சோறு மலைபோல் இருக்கும். கறிகள் அதன் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். இந்நாட்டு உணவு ஆலோசகர்கள் காட்டும் முறையோ வேறு. கோப்பையில் பாதிக்கு மரக்கறி, காற்பங்குக்குச் சோறு அல்லது பாண், எஞ்சிய காற்பங்குக்குப் பருப்பு, முட்டை, மீன் போன்றவை. இதைக் கேட்டதும் “நாங்கள் மரக்கறிதானே சாப்பிடுகிறோம்” என்பவர்கள், அந்த மரக்கறி எது என்பதைப் பார்க்க வேண்டும். உருளைக்கிழங்குப் பிரட்டலும் வாழைக்காய்ப் பொரியலும் பெயரளவில் மரக்கறி. உடம்பினுள் சென்றால் அவை சோற்றின் உடன்பிறப்புகள். கோவா, கரட், போஞ்சி, கீரை, பூசணி இவையே அந்தப் பாதியை நிரப்ப வேண்டியவை. அவற்றை முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் இரத்தத்தில் சீனி சற்று மெதுவாகவே ஏறும்.

டேனியரின் கறுத்த ‘றுக்புறோட்’ பாணை நம்மவர் பலர் புளிப்பு என்று ஒதுக்கிவிட்டு வெள்ளைப் பாணையே வாங்குகிறார்கள். அந்தக் கறுத்த பாணுக்கு ஒரு கதை உண்டு. முதலாம் உலகப் போரில், 1917இல் கடல்வழி இறக்குமதி தடைப்பட்டபோது, மிக்கெல் ஹிண்ட்ஹேட என்ற டேனிய வைத்தியரின் ஆலோசனைப்படி பன்றிகளுக்குப் போடும் தானியம் மனிதருக்குத் திருப்பிவிடப்பட்டது. தவிட்டோடு சேர்ந்த பாண், பார்லிக் கஞ்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, பால் என்று மக்கள் உண்டனர். அடுத்த ஓராண்டில் கோப்பன்ஹேகனில் மரணவீதம் குறைந்ததை அவர் 1920இல் அமெரிக்க வைத்தியச் சஞ்சிகையொன்றில் எழுதினார். மதுவும் அக்காலத்தில் அரிதாகியிருந்தபடியால் முழுப் பெருமையையும் பாணுக்கே கொடுத்துவிட முடியாது. இருந்தாலும் தவிட்டின் பயனை இன்றைய அறிவும் ஒப்புக்கொள்கிறது. கடைகளில் ‘புல்கோர்ன்’ என்ற செம்மஞ்சள் நிற முத்திரை உள்ள பொருள்கள் முழுத்தானியம் நிறைந்தவை. குரக்கன் மாவும் சிவப்பரிசியும் தமிழ்க் கடைகளில் கிடைக்கின்றன. பிட்டுக்கு அவித்த கோதுமை மாவை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. 2021இல் வெளியான டென்மார்க் அரசின் உணவு ஆலோசனையில், நாளொன்றுக்குச் சமைத்த அவரையினப் பருப்புவகை 100 கிராம் வரை உண்ணும்படி சொல்லப்பட்டிருக்கிறது. நவராத்திரி ஒன்பது இரவுகளும் ஆலயத்தில் அவித்த கடலையும் பயறும் கொடுத்தவர்களுக்கு இது புதுச் செய்தி அன்று. ஆனால் அந்தக் கடலை நவராத்திரியோடு நின்றுவிடுகிறது. மற்ற நாட்களில் அன்னதானத்தில் வடை, பாயாசம், பக்கத்தில் சோடாவும் சேர்ந்துவிடுகின்றன. அரை லீற்றர் சோடாவில் 50 கிராம் அளவில் சீனி இருக்கும். பிள்ளைகளின் கையில் அதைக் கொடுப்பவர்களும் பெரியவர்களே.

எல்லாவற்றிலும் கடினமானது வேறொன்று. விருந்துக்குப் போன இடத்தில் “இன்னும் கொஞ்சம் போடுங்கோ, ஒன்றும் சாப்பிடயில்லையே” என்ற அன்புத் தொல்லைதான் அது. போதும் என்றால் மனவருத்தம், போடவிட்டால் மருந்து கூடும். வள்ளுவர் ‘மருந்து’ என்ற அதிகாரத்தில் மூலிகைகளைப் பட்டியலிடவில்லை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறார். இரவு வேலை முடிந்து பத்து மணிக்குத் தொலைக்காட்சித் தொடரின் முன் அமர்ந்து உண்பவருக்கு, எத்தனை அகப்பை சோறு போட்டார் என்பது தொடர் முடிந்தபின்பும் நினைவிருக்காது. பரிமாறுபவர்கள் ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால் அது அன்புக் குறைவு ஆகாது.

கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதம் முதலியவற்றை நோற்கும் அன்பர்களிடையே நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுபவர்களும், சிலவகைக் குளிசைகள் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். உண்ணாமல் மருந்தை மட்டும் எடுத்தால் சீனி திடீரெனக் குறைந்து மயக்கம் வரலாம். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. விரதம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளவும். வைத்தியர் வேண்டாம் என்றால், அந்த ஆண்டு பாலும் பழமும் உண்டு வழிபாட்டை மட்டும் செய்யலாம். விரதம் முடித்துப் பாரணை செய்யும் அன்று ஆறு நாட்களின் உணவையும் ஒரே கோப்பையில் உண்பவர்கள், வைத்தியரிடம் அதையும் மறைக்காமல் சொல்வது நல்லது.