ஒழுகும் கூரையும் ஓட்டைச் சட்டமும்

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கூரையைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற கவலை இல்லாத உழைப்பாளி குடும்பம் உண்டா? மில் தொழிலாளி சேமநிதியிலிருந்து பணம் எடுக்கிறார். விவசாயத் தொழிலாளி குழுக்கடன் வாங்குகிறார். போதாததற்குக் காதில் கிடக்கும் தோடும் அடகுக்கடைக்குப் போகிறது.

இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் பாதியைக் கான்ட்ராக்டர் முன்பணமாக வாங்கிக்கொள்கிறார். பழைய ஓட்டைப் பிரித்துப் போடும் வரை வேலை மும்முரமாக நடக்கிறது. வீடு வானம் பார்த்து நின்ற பிறகு, “கம்பி விலை ஏறிவிட்டது, இன்னும் இருபதாயிரம் எடு” என்கிறார். கொடுக்காவிட்டால் அடுத்த ஊர் வேலைக்குப் போய்விடுவார். கொடுத்தாலும் கலவையில் சிமெண்டு குறையும். ஏழு நாளாவது தண்ணீர் கட்டி வைக்க வேண்டிய தளம் மூன்றாம் நாளே காய்ந்து கிடக்கும். முதல் மழையில் குட்டு வெளிப்பட்டுவிடும்!

இதைக் கேட்க நாதி இல்லையா? இருக்கிறது. 1986-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ‘சேவை’ என்பதற்குள் வீடு கட்டும் வேலையும் 1993-ல் சேர்க்கப்பட்டது. லக்னோ வளர்ச்சிக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு இதை உறுதி செய்தது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ம் வருடப் புதுச் சட்டமும் அவ்வாறே சொல்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் மராமத்து வேலையும் சேவைதான். அதில் குறை வைத்தவர் பணத்தைத் திருப்பித் தரவேண்டும், நஷ்டஈடும் தரவேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. தீர்ப்புக்குக் கட்டுப்படாதவருக்கு மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்தில் வழக்கை முடிக்கப் பார்க்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. ஆனால் தீர்ப்புச் சொல்ல நாற்காலியில் ஆள் வேண்டாமா? ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் பதவிகளைக் காலியாகவே போட்டு வைத்திருந்ததற்காக 2021-ல் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்து அரசுகளைக் கேள்வி கேட்க நேர்ந்தது. ஒப்பந்தமே அநியாயமானது என்று வாதாட வேண்டுமானால் மாவட்ட ஆணையம் போதாது. மாநில ஆணையத்தின் வாசலுக்குப் போகவேண்டும். ஒருநாள் கூலியை இழந்து, பஸ் சார்ஜும் கொடுத்து அத்தனை தூரம் அலையக்கூடியவர் எத்தனை பேர்?

இதைவிடப் பெரிய ஓட்டை வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 2016-ல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. அடுக்குமாடி வீடு வாங்குகிறவரிடம், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது அது. ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால் முப்பது நாளில் தம் செலவிலேயே சரிசெய்து கொடுக்க வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் விற்பனைக்கல்லாத மராமத்து வேலைகளை அதே சட்டம் பதிவுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஐம்பது லட்சத்துக்குப் பிளாட் வாங்குகிறவரின் முன்பணத்துக்கு வேலி போட்டவர்கள், ஒரு லட்சத்தில் கூரை மாற்றுகிறவரின் முன்பணத்தைத் திறந்த வெளியில் விட்டுவிட்டார்கள்.

முடியாத காரியத்தையா கேட்கிறோம்? முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே, கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி வீட்டு மராமத்துக் கான்ட்ராக்டர் மொத்தத் தொகையில் பத்து சதவீதம் அல்லது ஆயிரம் டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. மீதியை நடந்த வேலைக்குத் தக்கபடிதான் வாங்க முடியும். இங்கே அப்படி ஒரு விதி எழுத எது தடையாக நிற்கிறது? முன்பணத்துக்கு உச்சவரம்பு, எழுத்தில் ஒப்பந்தம், ஒழுகினால் இத்தனை வருடத்துக்குக் கான்ட்ராக்டரே பொறுப்பு என்ற நிபந்தனை ஆகிய மூன்றையும் மராமத்து வேலைக்கும் சட்டமாக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நமது ஆத்திரம் கொத்தனார் மீதோ சித்தாள் மீதோ பாயக்கூடாது. கான்ட்ராக்டர் ஓடிவிட்டால் அவர்களுக்கும் வாரக்கூலி பாக்கிதான். நீங்களே நாள்கூலிக்கு ஆள் வைத்து வேலை வாங்கினால் அது நுகர்வோர் வழக்கே ஆகாது. அவர்கள் உங்களிடம் வேலை செய்யும் தொழிலாளிகள், அவ்வளவுதான். பிடிக்கவேண்டியது மொத்தப் பணத்தையும் மடியில் கட்டிக்கொண்டவரை.

சட்டம் திருந்தும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாளிலாவது எழுதி வாங்குங்கள்: என்ன வேலை, என்ன சாமான், எத்தனை நாள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று அதில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடவேண்டும். பணத்தை வங்கி மூலமோ போன் மூலமோ கொடுத்தால் அதுவே சாட்சி. ரொக்கமென்றால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். தளம் பூசி, மழையில் நனைத்துப் பார்க்கும் வரை கடைசித் தவணை உங்கள் கையிலேயே இருக்கட்டும். குறை தெரிந்ததும் போட்டோ எடுத்து வையுங்கள். வழக்குக்குக் கெடு இரண்டு வருடம்தான். ஒரே கான்ட்ராக்டரிடம் ஒரு தெருவே ஏமாந்திருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்கும் சேர்த்து ஒரே மனுவாகவும் போடலாம். மனு எழுதத் தெரியாதவருக்குச் சங்க அலுவலகத்தில் எழுதத் தெரிந்த தோழர் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.