ஆய்வுக்கும் ஈவோம்

நோயுற்றோருக்கு உதவுவதில் நம் மக்கள் பின்தங்கியவர் அல்லர். சிகிச்சைக்குப் பொருளின்றி வாடும் ஏழைக்காக ஜும்ஆத் தொழுகைக்குப் பின் துண்டு ஏந்தினால், சில நிமிடங்களில் தொகை சேர்ந்துவிடும். போற்றத்தக்க பண்பு இது. ஆனால், அந்நோய்க்கு மருந்து காணும் ஆராய்ச்சிக்கு என்ன ஈந்தோம் என்று கேட்டால் விடை கூறத் தயங்குவோம்.

அரிய வகைப் புற்றுநோய்களுக்கு இத்தயக்கம் பெருந்தீங்காகும். நோயாளர் சிலரே ஆதலின், மருந்து விற்று ஆதாயம் காண்போர் அவற்றில் நாட்டம் கொள்வது அரிது. அங்கே ஈகையாளரின் கை நீள வேண்டும்.

கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸ் இதனை நன்குணர்ந்தவர். 1977இல், தம் 18ஆம் வயதில், 'ஆஸ்டியோசர்கோமா' என்னும் அரிய எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்தார். பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்றனர் மருத்துவர். இரண்டாண்டுகளுக்கு முன்னர் அது பதினைந்தாகவே இருந்ததாம். இவ்வேறுபாடு ஆராய்ச்சி தந்த கொடை என உணர்ந்த அவர், பிறருக்கும் அது கிட்டவேண்டும் என்று எண்ணினார்.

1980 ஏப்ரல் 12இல் செயற்கைக் காலுடன் நாட்டின் கீழ்க்கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். ஒவ்வொரு கனடியரும் ஒரு டாலர் தரவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபோது, நோய் நுரையீரலுக்குப் பரவி அவரை நிறுத்தியது. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்தது. அஃது அந்நாட்டு மக்கள்தொகைக்கு ஈடான தொகை. அவ்வாண்டு ஜூன் 28இல், 22 வயதில் அவர் மறைந்தார். அவர் பெயரால் இன்றுவரை திரண்ட நிதியோ 80 கோடி டாலருக்கும் மேல். இன்று அந்நோய் கண்ட பலருக்குக் காலை அகற்றாமலேயே அறுவை செய்ய முடிகிறது.

ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தை அருளியுள்ளான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அம்மருந்தைத் தேடுவது மனிதரின் கடமையன்றோ? ஜகாத்திற்கு உரியோர் இன்னாரென மார்க்கம் வரையறுத்துள்ளது. அதனை மாற்றச் சொல்லவில்லை. சதக்காவில் ஒரு பங்கை ஆய்வுக்கு ஒதுக்கலாமே என்பதே என் கருத்து. கொடுத்தவர் மறைந்த பின்னும் பயன் தரும் 'சதக்கத்துல் ஜாரியா'வாகக் கிணறு வெட்டினர் நம் முன்னோர். மருத்துவ ஆய்வும் அத்தகைய ஊற்றே. மாணவச் செல்வங்கள் ஆளுக்குப் பத்து ரூபாயேனும் திரட்டி இவ்வாண்டே இதனைத் தொடங்கலாம். பெரியோர் துணை நிற்பாராக!