எந்த ஊர் என்று கேட்டால் எதைச் சொல்வது?



இந்த முறை சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு கருத்துக் கட்டுரை எழுதச் சொல்லி தமிழ் அம்மா கேட்டபோது, செல்போன் நல்லதா கெட்டதா, மரம் வளர்ப்போம் என்று வழக்கமான தலைப்புகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அதையெல்லாம் நிறையப் பேர் எழுதிட்டாங்க. என் மனசுல ஜூன் மாசத்துல இருந்து ஒரு கேள்வி உறுத்திக்கிட்டே இருக்கு. அதையே எழுதிவிடுகிறேன்.

பள்ளி திறந்த முதல் வாரம். புதிதாக வந்த சார் ஒவ்வொருவராக எழுப்பிப் பெயரும் ஊரும் கேட்டார். நான் எழுந்து, "கொடைக்கானல் சார்" என்றேன். பின் பெஞ்சில் இருந்து ஒரு குரல் வந்தது: "பொய் சார், அவ அட்டுவம்பட்டி!" வகுப்பே சிரித்தது. சார், "ரெண்டும் ஒண்ணுதானப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கேட்கப் போய்விட்டார். எனக்கு அன்னிக்கு மதியச் சாப்பாடே இறங்கலை.

ரெண்டும் ஒண்ணுதானா? அதுதான் என் கேள்வி.

முதலில் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கொடைக்கானல் ஒரு நகராட்சி. அட்டுவம்பட்டி வில்பட்டி ஊராட்சியில் இருக்கிறது. அதனால் வீட்டு வரி கட்டுவது வேறு இடம், குழாயில் தண்ணி வரலைன்னா போய்க் கேட்பது வேறு ஆள். ஆனால் தாலுகா கேட்டால் கொடைக்கானல், ஒன்றியம் கேட்டாலும் கொடைக்கானல். ஓட்டுப் போடுவது எல்லோரும் ஒரே பழனி தொகுதியில்தான். கீழே சமவெளியில் இருந்து வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று உயர்நீதிமன்றம் சொன்னதே, அதிலும் உள்ளூர் வண்டி, வெளியூர் வண்டி என்று ரெண்டே வகைதான். ஆக, காகிதமே பாதி ஒண்ணு என்கிறது, பாதி வேறு என்கிறது.

சரி, படிப்பை வைத்துப் பார்ப்போம். கொடைக்கானல் என்றால் ஏரி, குதிரை, ஹோம்மேட் சாக்லேட் என்றுதான் வெளியூரில் நினைக்கிறார்கள். ஆனால் இது ரொம்ப நாளாகவே படிக்கிற மலை. செண்பகனூரில் இருதயக் கல்லூரி வந்தது 1895ல். ஏரிப் பக்கம் இருக்கும் பன்னாட்டுப் பள்ளி தொடங்கியது 1901ல். நம்ம சூரிய ஆய்வுக்கூடத்தில் இருந்துதான் 1909ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியப் புள்ளியில் வாயு எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் அதற்கு அவர் பெயர்தான். பிறகு 1984ல், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. அந்தப் பல்கலைக்கழகம் எங்க ஊரில், அட்டுவம்பட்டியில் இருக்கிறது. ஆனால் அதன் பெயருக்குக் கீழே "கொடைக்கானல்" என்றுதான் போடுவார்கள். கல்லூரி கொடைக்கானலாம், அதே ரோட்டில் இருக்கும் என் வீடு மட்டும் கொடைக்கானல் இல்லையாம்! இது என்ன நியாயம்?

இதை வீட்டில் சொன்னபோது தாத்தா சிரித்தார். "ஏம்மா, அவங்க நம்மள நகராட்சியில சேத்துக்கிட்டா உனக்கு சந்தோஷமா?" என்று கேட்டார். "ஆமா தாத்தா" என்றேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணு, வரி கூடும். ரெண்டு, ஊராட்சி ஆளுகளுக்குக் கிடைக்கிற வேலைத் திட்டம் பட்டணத்துக்குக் கிடையாது. உங்க அப்பத்தா எத்தனை வருஷம் அந்த வேலைக்குப் போச்சு, தெரியுமா? மூணு, கிராம சபை. வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது. ஓட்டுரிமை இருக்கிற யார் வேணா எந்திரிச்சுக் கேள்வி கேக்கலாம். அதை விட்டுட்டு, அவ்வளவு பெரிய டவுன்ல ஒரு ஓரத்து வார்டா போய் நிக்கணுமா?"

தாத்தா சொன்னதில் எனக்குப் பதில் வரவில்லை. உண்மையாகவே யோசிக்க வேண்டிய விஷயம். நூலகத்தில் பழைய பேப்பர்களைப் புரட்டினேன். இதே மாதிரிப் பிரச்சினை வேறு ஊர்களிலும் இருக்கிறது.

சிதம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1929ல் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எல்லோரும் "சிதம்பரம் யுனிவர்சிட்டி" என்போம். ஆனால் ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் அது அண்ணாமலை நகர். நகராட்சியான சிதம்பரத்தில் சேராமல் நெடுங்காலம் தனிப் பேரூராட்சியாகவே இருந்து வந்த ஊர். அதனால் ரெண்டு ஊருக்கும் சண்டை வந்து கோயில் மூடிவிடவில்லை, கல்லூரியும் மூடிவிடவில்லை.

கர்நாடகத்தில் ஹூப்ளி, தார்வாட் என்று ரெண்டு ஊர். நடுவில் சுமார் 20 கிலோமீட்டர். ஹூப்ளி வியாபாரமும் ரயிலும் உள்ள ஊர். தார்வாட் படிப்பு ஊர், கர்நாடகப் பல்கலைக்கழகம் அங்கேதான். 1962ல் ரெண்டையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். ஆனால் பணமும் வேலையும் ஹூப்ளிக்கே போகிறது என்று தார்வாட்காரர்களுக்கு ரொம்ப நாள் மனக்குறை. கடைசியில் 2025 ஜனவரியில், தார்வாட்டைத் தனி மாநகராட்சியாகப் பிரிக்க அந்த மாநில அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அறுபது வருஷத்துக்கு மேல் ஒரே பெயர்ப் பலகையில் இருந்தும் மனசு ஒண்ணாகலை பாருங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 2025 ஜனவரியில் குஜராத்தில் நேர் எதிராக நடந்தது. ஆனந்த், அதன் பக்கத்தில் உள்ள வல்லப வித்யாநகர் என்ற கல்லூரி ஊர், சர்தார் படேலின் சொந்த ஊரான கரம்சத், மூன்றையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். எங்க ஊர் பெயரே போச்சே என்று கரம்சத் மக்கள் போராடினார்கள். பிறகு மாநகராட்சியின் பெயரிலேயே கரம்சத்தையும் சேர்த்தார்கள்.

இதில் இருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். சேர்ப்பதோ பிரிப்பதோ சர்க்கார் வேலை, அதை ஒரு உத்தரவில் முடித்துவிடலாம். ஒரே ஊர்க்காரர்களாக இருப்பது உத்தரவில் வராது.

அப்படியென்றால் அது எப்படி வரும்? நம்ம ஊர் பூண்டு அதற்குப் பதில் சொல்கிறது. சிரிக்காதீங்க! 2019ல் "கொடைக்கானல் மலைப்பூண்டு" புவிசார் குறியீடு வாங்கியது எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரையில் யாராவது பூண்டு போடுகிறார்களா? விளைவது பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர் மாதிரி கிராமங்களில். விவசாயிகள் அந்த விதையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். குறியீட்டுக்கான விண்ணப்ப வேலையில் முன்னால் நின்றது அட்டுவம்பட்டியில் இருக்கும் பல்கலைக்கழகம். பெயர் கொடைக்கானலுடையது. வெறும் "வில்பட்டிப் பூண்டு" என்றிருந்தால் சென்னையில் யாருக்குத் தெரியும்? வெறும் "கொடைக்கானல்" என்ற பெயரை வைத்துக்கொண்டு, கிராமத்துக்காரர் பூண்டு போடாவிட்டால் குறியீடு எதற்கு? படிப்பு, உழைப்பு, பெயர் மூன்றும் சேர்ந்ததால்தான் அது கிடைத்தது. ஊராட்சி ஊராட்சியாகவே இருந்தது, நகராட்சி நகராட்சியாகவே இருந்தது.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு ரொம்ப வசதியாக இருந்திருக்கும். ஆனால் ஒரு விஷயத்தை மறைத்தால் அது நேர்மை இல்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் எங்க அம்மா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். டீ, பன், பிஸ்கட், பேனா, ரீசார்ஜ். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஹாஸ்டல் அக்காமார்கள். 2020ல் ஊரடங்கு வந்து அவர்கள் எல்லோரும் ஊருக்குப் போனபோது எங்க வீட்டு அடுப்பும் பாதிதான் எரிந்தது. அப்படியும் நாங்க அவங்களுக்கு வைத்திருக்கும் பெயர் "வெளியூர்ப் புள்ளைங்க".

அதில் ராமநாதபுரம் பக்கத்து அக்கா ஒருவர். சாயங்காலம் டீ குடிக்க வருவார். நான் கணக்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். பத்தாவதில் நான் கணக்கில் பாஸ் ஆனதே அவரால்தான். போன மே மாதம் எங்க ஊர்த் திருவிழா. "நானும் ரெண்டு பிரெண்ட்ஸும் சாமி பாக்க வரலாமா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "அது ஊர்க்காரங்களுக்குக்கா" என்று சொல்லிவிட்டேன். அக்கா சிரித்தார், டீக்குக் காசு கொடுத்தார், போய்விட்டார். அடுத்த மாதம் என்னைப் பார்த்து "பொய் சார்" என்று ஒரு குரல் வந்தபோதுதான், அந்த சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று தேடினேன். படிப்பு முடிந்து அவர் ஊருக்கே போய்விட்டார்.

டவுன்காரர்கள் எங்களுக்குப் போட்ட கோட்டை, நாங்கள் அந்த அக்காவுக்குப் போட்டோம். ரெண்டு வருஷம் நம்ம குளிரில் நடுங்கி, நம்ம தண்ணியைக் குடித்து, நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஊர்க்காரர் இல்லையென்றால் வேறு யார் ஊர்க்காரர்?

ஆகவே என் கருத்து இதுதான். அட்டுவம்பட்டியையும் கொடைக்கானலையும் ஒரே நகராட்சி ஆக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தாத்தா பக்கம் நியாயம் இருக்கிறது, கிராம சபையை விடக்கூடாது. ஆனால் ஒரே சமூகமாக எண்ண வேண்டும். அந்த எண்ணம் காரியத்தில் தெரிய வேண்டும்.

சீசன் நெரிசல், பஸ் நேரம், குப்பை, தெருவிளக்கு இந்த நாலுக்கும் எல்லைக்கல் தெரியாது. ஏப்ரல், மே மாதத்தில் டவுனில் வண்டி நின்றால் எங்க பஸ்ஸும் சேர்ந்துதான் நிற்கிறது. இதையெல்லாம் நகராட்சியும் ஊராட்சியும் சேர்ந்து உட்கார்ந்து பேசட்டும். பல்கலைக்கழக அக்காமார்கள் வாரம் ஒரு மணி நேரம் நம்ம மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பதிலுக்கு நம்ம திருவிழாவுக்கு நாமே போய் அவர்களைக் கூப்பிடுவோம். நம் பள்ளியிலும் விளையாட்டு டீம் பிரிக்கும்போது டவுன் ஒரு பக்கம், கிராமம் ஒரு பக்கம் என்பதை இந்த வருஷத்தோடு நிறுத்துவோம்.

நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நான் சின்னப் பிள்ளை. கரண்ட் இல்லை, ரோடெல்லாம் மரம். எங்க அப்பாவும் பெரியப்பாவும் அரிவாள், கயிறோடு போய் எங்க பக்கத்தில் இருந்து மரத்தை வெட்டிக்கொண்டே போனார்கள். டவுன் பக்கத்தில் இருந்தும் ஆட்கள் வெட்டிக்கொண்டே வந்தார்கள். நடுவழியில் சந்தித்து, ஒரே பீடிக்கட்டைப் பகிர்ந்துகொண்டதாக அப்பா இப்பவும் சொல்வார். (பீடி கெடுதல்தான், சார்!) அந்த இடம் நகராட்சியா ஊராட்சியா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

இனிமேல் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நான் "அட்டுவம்பட்டி, கொடைக்கானல்" என்று ரெண்டையும் சேர்த்தே சொல்வேன். முதலில் அட்டுவம்பட்டி. பின் பெஞ்சுத் தோழரே, இப்போது சரிதானே?



இப்படிக்கு,
அட்டுவம்பட்டியில் இருந்து வரும்
பதினோராம் வகுப்பு மாணவி