எங்க சனத்தோட வாக்குமூலத்தை எந்தப் பூட்டுக்குள்ள வச்சிருக்கீங்க?

நம்ம சேரிக்குள் வந்து ஒலிப்பதிவுக் கருவியை நீட்டாத ஆய்வாளர் கிடையாது. ஒப்பாரி, தாலாட்டு, பறை அடவு, குலசாமி கதை, ரெட்டைக் குவளை, நிலம் பறிபோன கதை, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஏடு ஆச்சு, பட்டம் ஆச்சு, வேலையும் ஆச்சு. சொன்னவனுக்கு மிஞ்சியது ‘தகவலாளி’ என்கிற ஒரு பேரும் பின்னிணைப்பில் ஒரு வரியும்: வயது, சாதி, தொழில் கூலி. அந்த ஏட்டின் ஒரு பிரதியாவது ஊருக்குத் திரும்பி வந்ததா? நம்மிடம் வாங்கிக்கொண்டு போனதை நம்மிடமே காட்ட மாட்டேன் என்பதற்குப் பேர் அறிவுத்துறையா, தோழர்களே?

என் பெரியம்மா பாடிய ஒப்பாரிகளை வைத்து ஒருவர் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த ஏட்டைப் பார்க்க காட்டாங்குளத்தூரில் ரயிலேறி மூன்று தடவை ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். துறைத்தலைவர் கடிதம் கொண்டு வா என்றார்கள். கடிதம் கொண்டுபோனால் ஆள் லீவு. மூன்றாம் தடவை ஏட்டைக் கையில் கொடுத்து, நகல் எடுக்கக் கூடாது, வேணும்னா கையால எழுதிக்க என்றார்கள். எங்க வீட்டு அழுகையை நான் கையால் பார்த்தெழுத வேண்டும்!

இது பழைய கதை, இப்போ எல்லாம் இணையத்துல வந்துடுச்சு என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தில் வந்தது உண்மை. முனைவர் பட்ட ஏடுகளின் மின்பிரதியை ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-லேயே விதி போட்டது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நடுவம் அவற்றை ‘ஷோத்கங்கா’ என்ற மின்களஞ்சியத்தில் சேர்க்கிறது. யாரும் காசில்லாமல், கடிதமில்லாமல் திறந்து படிக்கலாம். இன்று அதில் ஏடுகள் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2018-இல் அறிவுத் திருட்டைத் தடுக்க வந்த விதிகள் இன்னும் ஒரு படி போயின. பட்டம் கொடுத்த ஒரு மாதத்துக்குள் ஏடு அங்கே போய்ச் சேர வேண்டும். அதோடு ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் தனக்கென்று ஒரு களஞ்சியம் வைத்து ஏடு, கட்டுரை, வெளியீடு எல்லாவற்றையும் அதில் போட வேண்டும்.

விதி நல்ல விதிதான். உள்ளே போய்ப் பாருங்கள். நான் திறந்து பார்த்த தமிழ் ஏடுகளில் பலவும் வெறும் பட நகல்கள், இல்லாவிட்டால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. ‘ஒப்பாரி’ என்று தேடினால் உள்ளிருக்கும் ஒப்பாரி கண்ணில் படாது. தலைப்பை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி அடித்திருக்கிறார்கள். ‘பறையர்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல்! சில ஏடுகளில் பின்னிணைப்பே இல்லை. நம்ம சனம் பேசியதெல்லாம் அந்தப் பின்னிணைப்பில்தானே இருந்தது? கோட்பாட்டு இயல் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது, பாடின பாட்டைக் காணோம். கதவு திறந்திருக்கு, ஆனா உள்ள விளக்கில்ல.

இதை நான் ஏன் இவ்வளவு ஆத்திரத்தோடு எழுதுகிறேன் என்றால், காப்பாற்றி வைக்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அயோத்திதாசர் 1907-இல் தொடங்கி 1914-இல் சாகும்வரை நடத்திய ‘தமிழன்’ பல்கலைக்கழகங்கள் பத்திரப்படுத்தியதால் நமக்குக் கிடைக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் வைத்துக் காத்ததால் கிடைத்தது. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட பிறகுதான் தமிழ் அறிவுலகம் ‘அட, இப்படி ஒருத்தர் இருந்தாரா’ என்று விழித்துப் பார்த்தது. எண்பத்தைந்து வருஷம்! எங்க செங்கல்பட்டுச் சீமையில், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி ஏழு வருஷம் நடத்தினார். அந்த ஏழு வருஷ இதழ்களை வரிசையாக அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம், எந்த நூலகத்தையாவது.

இப்போது நம்ம பிள்ளைகள் ஆராய்ச்சிக்குப் போகிறார்கள். அவர்களே களஞ்சியத்தில் போடத் தயங்குகிறார்கள். முதலில் சொல்வது, ‘போட்டுட்டா பதிப்பகத்தான் புத்தகம் போட மாட்டான்’. ஏடு வேறு, புத்தகம் வேறு. ஐந்நூறு பிரதி போட்டு, அதில் பாதியை நம்ம தலையிலேயே கட்டுகிற பதிப்பகத்துக்காகப் பத்து வருஷம் பூட்டி வைக்க வேண்டுமா? அடுத்தது, ‘திருடிடுவானுங்க’. திருட்டு பூட்டிய அறையில்தான் சுளுவாக நடக்கிறது. யாரும் பார்க்காத ஏட்டிலிருந்து எடுத்தால் யார் கேட்பது? பொதுவில் தேதியோடு கிடக்கும் ஏடுதான் திருடனுக்கு எதிரான சாட்சி. மூன்றாவது, ‘குடுத்துட்டா உரிமை போயிடும்’ என்ற பயம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதினவர்தான் முதல் உரிமையாளர். படிக்கத் திறந்து வைப்பதால் மட்டும் உரிமை கைமாறாது. ‘இது பல்கலைக்கழகச் சொத்து’ என்று மிரட்டுகிற நெறியாளரிடம், எந்தப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தேன் என்று கேளுங்கள்.

ஒரு பயத்தை மட்டும் நான் தள்ள மாட்டேன். சாட்சி சொன்னவருடைய பாதுகாப்பு. ரயிலில் அரை மணிக்குள் போய்விடுகிற செங்கல்பட்டில், 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்காகத் திரண்டவர்கள் மேல் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். நிலம் யார் கையில் இருக்கிறது என்று வாக்குமூலம் கொடுக்கிற ஒரு கிழவியின் பேரையும் தெருவையும் உலகம் முழுக்கத் தெரிகிற இடத்தில் போடுவதற்கு முன்னால் அவளைக் கேட்க வேண்டும். அவளைத்தான் கேட்க வேண்டும், நெறியாளரை அல்ல. ‘போடாதே’ என்றால் அந்தப் பக்கத்தை மூடு, ஏடு முழுவதையும் மூடாதே. ‘போடு, பயமில்ல’ என்றால் முழுப் பேரையும் போடு. அறநெறி என்று சொல்லிப் பாட்டுக்காரியின் பேரை அழித்துவிட்டு, நெறியாளர் பேரை மட்டும் கெட்டி எழுத்தில் அச்சடிப்பது அறநெறி இல்லை, பழைய சாதிப் பழக்கம்.

நடுவண் அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். சுமார் 30 பதிப்பு நிறுவனங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களில் உள்ளவர்கள் படிக்கலாம். படிக்கட்டும். ஆனால் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவன்? ஊரில் இருக்கிற இயக்கத் தோழன், படிப்பை நிறுத்திவிட்டு மறைமலைநகர் கம்பெனிக்கு ஷிப்டு போகிற பையன்? அவனுக்கு அந்தச் சந்தாவில் இடமில்லை. நம்ம ஏடுகளைத் திறக்க அவ்வளவு காசு வேண்டாம், மனசுதான் வேண்டும். யூனிகோடில் அடித்த கோப்பு, தமிழில் ஒரு சுருக்கம், முழுசான பின்னிணைப்பு, ஒலிநாடா இருந்தால் அதுவும். எழுத்தாளர்களும் கேட்க வேண்டும்: தொண்ணூறுகளில் நாம் கைக்காசைப் போட்டு நடத்திய சிறுபத்திரிகைகள் தோழர்களின் பரண்களில் கறையான் தின்றுகொண்டிருக்கின்றன. தலித் இலக்கியத்தைப் பாடமாக வைத்திருக்கிற பல்கலைக்கழகங்கள், அந்தப் பத்திரிகைகளை அவரவர் சம்மதத்தோடு தங்கள் களஞ்சியத்தில் ஏன் ஏற்றக் கூடாது?

என் ஏடு முடிகிற கட்டத்தில் இருக்கிறது. சமர்ப்பித்த அன்றே முழுசாகத் திறந்து வைக்கச் சொல்லி எழுதிக்கொடுக்கப் போகிறேன். பாடிய பதினோரு பெண்களையும் கேட்டுவிட்டேன். ஒன்பது பேர் பேரைப் போடச் சொன்னார்கள். ஒரு அத்தை மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள்: ‘தகவலாளின்னு போடாத. பாடினவன்னு போடு.’