இறையியற் கல்வியிற் குழுக் கற்பித்தல்: புத்தளக் கரையோரம் எழுப்பும் வினா

கல்வி சமூகத்தினின்றும் பிரிந்து இயங்கும் ஒன்றன்று என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆயினும் இவ்வுண்மை மேடைகளில் ஒப்புக்கொள்ளப்படும் அளவிற்கு வகுப்பறைகளில் ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. கிறித்தவ இறையியற் கல்வி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அங்கே வேதாகமத்தை ஒருவர் கற்பிப்பர்; திருச்சபை வரலாற்றை இன்னொருவர் கற்பிப்பர்; அறவியல் மூன்றாமவருக்கு உரியது; மறையுரைப் பயிற்சி நான்காமவர் பொறுப்பு. ஒருவர் வகுப்பில் மற்றவர் அடியெடுத்து வைப்பதில்லை. நால்வர் கூறுவதையும் கேட்பவன் மாணவன் ஒருவனே. அவர்கள் பகுத்துத் தந்தவற்றை அவன் தனித்திருந்து தொகுத்துக்கொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத விதி. கற்பிப்போர் கூடிச் செய்ய முனையாத தொகுப்பைக் கற்போன் தனியே செய்துவிடுவான் என எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயமாகும்?

இக்குறையை நீக்கக் கூறப்படும் வழியே குழுக் கற்பித்தல். இச்சொல் இன்று பலராலும் வழங்கப்படுகின்றதாயினும், அதன் பொருள் பெரும்பாலும் திரிக்கப்பட்டே வழங்குகின்றது. ஒரு பாடநெறியை நான்கு கூறுகளாக்கி, நால்வர் முறைவைத்து வந்து விரிவுரையாற்றிச் செல்வதைக் குழுக் கற்பித்தல் என்பாருளர். அது வேலைப்பங்கீடேயன்றிக் கூட்டுமுயற்சியன்று. ஆசிரியர் இருவரோ பலரோ பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒரே வேளையில் ஒரே வகுப்பில் நின்று, மாணவர் முன்னிலையில் ஒருவரையொருவர் வினவியும் திருத்தியும் கற்பித்து, இறுதியிற் சேர்ந்தே மதிப்பிடுதல்தான் குழுக் கற்பித்தல். இப்பொருளில் அது வெறும் கற்பித்தல் உத்தி அன்று; அறிவு எவர் கையில் உள்ளது என்ற கேள்விக்கு அளிக்கப்படும் விடையாகும். அதனாலேயே அதற்கு எதிர்ப்பும் மிகுதி.

இவ்வாதத்தை ஆராய்தற்குப் புத்தள மாவட்டத்தின் கரையோரத்தைக் காட்டிலும் பொருத்தமான களம் இலங்கையிற் கிடைத்தல் அரிது. தெற்கே வென்னப்புவை, மாரவில முதல் சிலாபம், உடப்பு, முந்தல் ஊடாகக் கற்பிட்டிக் குடாநாடு வரை நீளும் இக்கரையிற் கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர் அனைவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு காலத்திற் செபமும் பாடசாலையும் தமிழிலேயே இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கல்விமொழி சிங்களமாக மாறியதும், ஒரே குடும்பத்தில் பாட்டி தமிழிற் செபிக்கப் பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் ஞானோபதேசம் கற்கும் நிலை உருவாயிற்று. பருவந்தோறும் வாடி அமைத்துத் தொழில் செய்யக் கற்பிட்டிக்கும் மன்னாருக்கும் செல்லும் மீனவர் இன்றும் இருமொழியையும் கையாளுகின்றனர். தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத்தில் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் கூடும் யாத்திரிகரின் குரலும் இரு மொழியினதே. மக்கள் இருமொழியிற் செபிக்கின்றனர்; அவர்களுக்கு வழிகாட்டவேண்டியவரோ தமிழில் ஒரு பக்கமும் சிங்களத்தில் மறுபக்கமுமாகப் பிரிந்திருந்து கற்கின்றனர். இம்முரண்பாடு சிறியதன்று.

நுரைச்சோலையை நோக்குக. அங்கே அனல்மின் நிலையம் அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்ட காலந்தொட்டு மீனவரும் கத்தோலிக்கத் திருச்சபையினரும் அதனை எதிர்த்தனர். தலவில் திருத்தலம் அண்மையில் இருந்தமையும் எதிர்ப்பிற்கு ஒரு காரணம். இருந்தும் 300 மெகாவாற்று ஆற்றலுடைய முதலாவது அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் மேலும் இரண்டு அலகுகள் சேர்ந்தன. நாட்டிற்கு மின்சாரம் தேவை. கரையிலுள்ளோருக்குக் கடலும் காற்றும் நிலமும் தேவை. இவ்விரண்டிற்குமிடையே நின்று மறையுரை ஆற்றவேண்டிய இளங்குருவானவர் எந்தப் பாடக்குறிப்பைப் புரட்டுவார்? படைப்பைப் பற்றிய வேதாகம வகுப்பில் நிலக்கரிச் சாம்பல் பேசப்படவில்லை. அறவியல் வகுப்பில் கரைவலைக்காரரின் வருமானம் பேசப்படவில்லை. வேதாகம ஆசிரியரும் அறவியல் ஆசிரியரும் பொருளியல் அறிந்த ஒருவரும் அவ்வூர் மீனவர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்து மாணவர் முன் வாதித்திருந்தால், முடிந்த முடிபு கிடைத்திராவிடினும், முடிபை நாடும் முறையாவது கிடைத்திருக்கும்.

இதனினும் கொடிய சோதனை வேறொன்றுண்டு. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோருக்குப் புகலிடமாயிற்று புத்தள மாவட்டம். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, இதே கரையின் தென்பால் நீர்கொழும்பைச் சேர்ந்த கட்டுவாப்பிட்டியவில் புனித செபஸ்தியார் ஆலயத்தில் வழிபாட்டிற் கூடியிருந்தோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் மாண்டனர். மே 12ஆம் நாள் சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார். அவ்வாரத்து ஞாயிறு மறையுரை எப்பாடத்தைச் சார்ந்தது? மன்னிப்பைப் பற்றிய வேதாகமப் பாடமா, பிற சமயங்கள் பற்றிய பாடமா, இலங்கை வரலாறா, துயருற்றோரை ஆற்றுப்படுத்தும் பயிற்சியா? அனைத்தும் ஒருங்கே அங்கு தேவைப்பட்டன. அவற்றை ஒருங்கே கண்டறியாத ஒருவர் அனைத்தையும் அன்று ஒருநாளில் தாமாகவே இணைத்திருப்பார் என நம்புவது பேதைமை. இஸ்லாத்தைப் பற்றி இறையியல் மாணவனுக்குக் கற்பிக்கும் வேளையில், முஸ்லிம் அறிஞர் ஒருவர் கிறித்தவ ஆசிரியரின் பக்கத்தில் நின்று, “அன்று, அவ்வாறன்று” எனத் திருத்தும் உரிமை பெற்றிருத்தல் ஏன் கூடாது?

இங்ஙனம் கூறுவது மேனாட்டிலிருந்து நேற்று இறக்குமதியான கொள்கை எனச் சிலர் கருதலாம். வரலாறு அவர்களுக்குச் சார்பாக இல்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவையிலிருந்து 1687இல் இலங்கை வந்த யோசேவாஸ் அடிகளாரும் அவரைப் பின்தொடர்ந்த ஓரத்தோரியன் சபைக் குருக்களும் மிகச் சிலரே. பல ஊர்களுக்குக் குருவானவர் ஆண்டில் ஓரிருமுறை செல்வதே அரிதாயிருந்தது. ஆகவே ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியாரும் பொறுப்பேற்றனர். செபம் சொல்லிக்கொடுப்பவரும், ஞானோபதேசம் கற்பிப்பவரும், நோயுற்றோரைக் காண்பவரும் அவர்களே. அண்ணாவியார் என்பது கூத்துப் பழக்குபவருக்கும் வழங்கும் பெயர் என்பதைத் தமிழ் மாணவர் நினைவிற் கொள்க. கூத்தைத் தனியொருவராகக் கற்பிக்க இயலுமா?

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை இயற்றி, இம்மாவட்டத்துப் போலவத்தையிலேயே 1742இல் மறைந்தார். கிறிஸ்துவின் பாடுகளைத் தமிழர்க்கு ‘வியாகுல பிரசங்கம்’ எனவும், சிங்களவர்க்கு ‘துக்பிராப்தி பிரசங்கய’ எனவும் அவர் ஆக்கினார். அச்சியந்திரம் ஒல்லாந்தர் வசமிருந்தமையின் அவருடைய நூல்கள் கையெழுத்துப் படிகளாகவே பரவின. எழுதினவர் ஒருவராயினும் படியெடுத்தோர், வாசித்தோர், இராகமிட்டுப் பாடினோர், விளக்கினோர் பலர். அவர் நூல்களிற் பிற சமயங்களைச் சாடி எழுந்தவையும் உள. அவை இன்று முன்மாதிரியாகா. ஆயினும் இருமொழியும் பலர் கையும் சேர்ந்தே இக்கரையில் இறையறிவு வளர்ந்தது என்பது மறுக்கவியலாதது. குழுக் கற்பித்தல் என்னும் பெயர் அன்று இல்லை, செயல் இருந்தது.

இறக்குமதி எது என்று கேட்பின், தனியாசிரிய முறையையே சுட்டவேண்டும். 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்கெனக் கண்டியில் நிறுவிய குருமடத்திற் கற்பித்தல் மொழி இலத்தீன். 1955இல் அந்நிறுவனம் பூனாவிற்குப் பெயர்ந்தது; இலத்தீனும் காலப்போக்கில் விடைபெற்றது. ஆனால் ஒரு பாடம், ஒரு நூல், ஓர் ஆசிரியர் என்ற மனப்பாங்கு விடைபெறவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி பற்றிய ஏடு, மெய்யியலும் இறையியலும் இசைவுபட ஒழுங்குபடுத்தப்பட வேண்டும் எனவும், குருமட ஆசிரியர் உள்ளத்தாலும் செயலாலும் ஒன்றியிருத்தல் வேண்டும் எனவும் வற்புறுத்தியது. செயலால் ஒன்றியிருத்தல் உணவு மேசையோடும் செபக்கூடத்தோடும் நின்றுவிடுவதா? வகுப்பறைக்குள் அது நுழையலாகாதா?

புரட்டஸ்தாந்த சபைகள் ஒருபடி முன்சென்றன. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த சபைகள் இணைந்து 1963இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியற் கல்லூரியைத் தொடங்கின. சிங்களத்திலும் தமிழிலும் இறையியல் கற்பிப்பதே அதன் சிறப்பு. சபை வேறுபாட்டையும் மொழி வேறுபாட்டையும் ஒரு கூரையின்கீழ் வைத்திருத்தல் இயலும் என்பதற்கு அது சான்று. எனினும் ஒரு கூரை தானாகவே ஒரு வகுப்பாகிவிடாது. சுவரை இடிப்பதனினும் பாடவேளை அட்டவணையை இடிப்பது கடினம்.

எதிர்ப்போர் கூறும் நியாயங்கள் மூன்று. முதலாவது, ஆசிரியர் தம்முள் முரண்பட்டால் மாணவரின் விசுவாசம் குலையும் என்பது. பேதுருவும் பவுலும் அந்தியோகியாவில் வெளிப்படையாக முரண்பட்டதைக் கலாத்தியர் நிருபம் மறைக்கவில்லை. அதனை வாசித்து விசுவாசம் இழந்தவர் எவருமிலர். இரண்டாவது, செலவு. ஒரு வகுப்பிற்கு இருவர் என்றால் ஊதியம் இரட்டிக்கும் என்பர். நியாயமான கவலையே. ஆனால் எல்லாப் பாடங்களையும் இவ்வாறு கற்பிக்குமாறு எவரும் கோரவில்லை. ஆண்டுக்கு ஒரு பாடநெறி, அதுவும் கரையோரப் பங்கொன்றில் நிகழும் உண்மைச் சிக்கலொன்றை மையமாகக் கொண்டு நிகழ்ந்தாற் போதும். மூன்றாவது வெளியே சொல்லப்படாதது: தம் பாடத்திற் தமக்குத் தெரியாதது வெளிப்பட்டுவிடும் என்ற ஆசிரியரின் அச்சம். அவ்வச்சமே இம்முறையின் தேவைக்கு முதற் சான்று. தமக்குத் தெரியாததை மாணவர் முன் ஒப்புக்கொள்ளும் ஆசிரியரிடம் பயின்றவரே, நாளை தம் மக்களிடம் கேட்டறியும் குருவானவராக இருப்பார்.

உடப்புக் கரையிற் கரைவலை இழுப்போரைக் கண்டோர் ஒன்றை அறிவர். வலையின் இரு கயிறுகளையும் இரு அணியினர் வெகுதொலைவில் நின்று இழுக்கத் தொடங்குவர். வலை கரையை நெருங்க நெருங்க இரு அணியினரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவர். அம்பாப் பாடல் இழுவைக்கு ஒத்திசைவு தரும். ஓரணி மட்டும் இழுப்பின் வலை சரியும், மீன் தப்பும். நெருங்கி வர மறுக்கும் இரு அணிகளால் வலையைக் கரைசேர்க்க முடியாது. கலிலேயக் கடலில் மீனவரை அழைத்துத் தொடங்கிய ஒரு சமயத்தின் கல்விமான்களுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டியிருப்பதே வியப்பிற்குரியது.